மான் விழுந்த நிலம் யாருடையது

தம்பி,

நேற்று ஓசூரிலிருந்து பேசியபோது, "மாமா வந்து மாலை போடாம நான் மணவறையில உக்கார மாட்டேன்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். பதில் சொல்ல எனக்கு இடம் தரவில்லை. இந்தக் குடும்பத்தில் எனக்குப் பதில் சொல்ல இடம் தராதவர்களில் நீ முதல் ஆளும் இல்லை. ஆனால் எழுதிக்கொண்டிருக்கிறவனை யாரும் நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். பக்கத்து அறையில் உன் அம்மா பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் வெற்றிலை பாக்கு, பழம், உன் கல்யாணப் பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு, அவளுடைய தம்பி கொளஞ்சியின் வீட்டுக்கு நான் நேரில் போய் அழைக்கவேண்டுமாம். தேய்க்கிற சத்தம் என் காதில் விழவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் அதிகமாகத் தேய்க்கிறாள். நான் போகப்போவதில்லை. ஏன் என்று உனக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டால் நீயே என் பக்கம் வந்துவிடுவாய் என்று நம்புகிறேன். நீ படித்தவன்.

அந்தச் சம்பவம் நடந்தபோது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். அப்பாவும் மாமாவும் கறிக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று மட்டும் உனக்குத் தெரியும். உன் அம்மா அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அது கறிச் சண்டை இல்லை. அது நிலத்தின் மீதான உரிமைப் பிரச்சினை. உன் தாத்தா காலத்தில் நம் ஊரில் மான் வேட்டைக்குப் போவார்கள். அன்றைக்கும் அது குற்றம்தான். ஆனால் எங்கள் ஊருக்குச் சட்டமும் பஸ்ஸும் ஒன்றாகத்தான் வந்தன, இரண்டுமே தாமதமாக. காப்புக்காட்டு ஓரத்தில் நாய்களை விட்டு மானைக் கிளப்பினால் அது கொல்லை நிலங்களின் குறுக்கே ஓடும். யார் கொல்லையில் விழுகிறதோ அந்தக் கொல்லைக்காரருக்கு ஒரு பின்னந்தொடை. 'நிலத்துக்குத் தொடை' என்று அதற்குப் பெயர். மீதியை வேட்டைக்குப் போனவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கொல்லைக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் தொடை வீடு தேடி வந்துவிடும். இதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. ஏனென்றால் நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அன்று ஒரே பதில்தான் இருந்தது. யார் உழுகிறாரோ அவருடையது.

பிறகு எல்லோரும் படித்தோம். அங்கேதான் கெட்டது. ஒருவர் சுரங்க வேலைக்குப் போனார், ஒருவர் சென்னைக்கு, ஒருவர் துபாய்க்கு. நான் செராமிக் படித்துவிட்டு விருத்தாசலம் தொழிற்பேட்டைக்கு வந்தேன். நிலங்களெல்லாம் குத்தகைக்குப் போயின. குத்தகைக்கு எடுத்தவர் பாதியை இன்னொருவருக்கு விட்டார். முந்திரித் தோப்பு என்றால் மரம் ஒருவருடையது, அந்த வருஷக் காய் ஒரு வியாபாரியுடையது, காவல் இன்னொருவருடையது. இப்போது ஒரு மான் அங்கே விழுந்தால் தொடை யாருக்கு? நிலத்துக்காரர் ஒன்று கேட்டார், குத்தகைக்காரர் ஒன்று கேட்டார், உள்குத்தகைக்காரர் ஒன்று கேட்டார், காவல்காரர் "பாத்தது நான்தான" என்று நாலாவதைக் கேட்டார். மானுக்கு இருப்பதே நான்கு கால். வேட்டைக்காரனுக்குக் கொம்பு மட்டும் மிஞ்சியது. பெட்டை மானாக இருந்தால் அதுவும் கிடையாது. சென்னையில் இருந்த நிலத்துக்காரர் ஒருவர், தன் தொடையை ராத்திரி பஸ்ஸில் பார்சலாக ஏற்றி அனுப்பும்படி போன் செய்தார் என்று சொல்வார்கள். அந்த வேட்டைக்குப் போன சின்னதுரை அன்றோடு நாய்களை விற்றுவிட்டு மினி ஆட்டோ வாங்கிவிட்டான். "மான் ஓடுறது பிரச்சன இல்லண்ணே. வுழுந்த பொறவு ஓடுறோம் பாருங்க, நெலத்துக்காரன் யாரு, குத்தகக்காரன் யாருன்னு, அதுதான் மூச்சு வாங்குது" என்றான். நம் பக்கத்தில் மான்கள் இன்று கூட்டம் கூட்டமாக மேய்கின்றன என்றால், அவற்றைக் காப்பாற்றியது சட்டமும் இல்லை, ஜீவகாருண்யமும் இல்லை. குத்தகைதான் காப்பாற்றியது. இதை நான் பேட்டை கேண்டீனில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் மேலாளராகிவிட்டவனும் சிரித்தான். அவன் சிரித்ததை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

நம் கொல்லையை நான் கொளஞ்சிக்கு விட்டேன். வாய்ப்பேச்சுதான், எழுத்து எதுவும் இல்லை. எழுத்தில் வந்துவிட்டால் குத்தகைக்காரரை நிலத்திலிருந்து எழுப்பவே முடியாது என்று எனக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மனைவியின் தம்பிதானே, அவனிடம் எதற்கு எழுத்து என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அவனும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே மக்காச்சோளம் போட்டான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோடையில், தண்ணீர் தேடிக் காட்டைவிட்டு வெளியே வந்த ஒரு புள்ளிமானைத் தெருநாய்கள் கடித்துத் துரத்திக்கொண்டு வந்தன. அது நம் சோளத்துக்குள் ஓடி, வரப்பில் கால் இடறி விழுந்து செத்துப்போனது. யாரும் வேட்டையாடவில்லை, தம்பி. இதை நீ சம்பந்தி வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடு. சின்னதுரை எனக்குப் போன் செய்தான். "அண்ணே, உங்க நெலத்துல மான் வுழுந்துட்டுது." உங்க நெலம் என்றான், கவனி. நான் அச்சில் ஊற்றிக்கொண்டிருந்த களிமண் கூழை அப்படியே விட்டுவிட்டு, கையில் காய்ந்த மண்ணோடு மொபெட்டை எடுத்தேன். எனக்கு மான் கறி பிடிக்காது. தின்றால் கைது செய்வார்கள் என்றும் தெரியும். ஆனால் முப்பது வருஷம் இந்தப் பேட்டையில் பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிய ஒருவனுக்கு, 'இது உங்கள் நிலம், இது உங்கள் தொடை' என்று ஒருவர் சொல்லிக் கேட்கவேண்டும்போல் இருந்தது.

நான் போனபோது கொளஞ்சி மானின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். ஈ ஓட்டுவது எப்போதும் உரிமையாளரின் வேலை. எனக்கு அங்கேயே சுருக்கென்றது.

"நிலத்துக்குத் தொடை எடுத்து வச்சிடு மச்சான்" என்றேன், சாதாரணமாகத்தான்.

"வச்சிடலாம் மாமா. எங்க வூட்டுல சொல்லி வுட்டுட்டேன், சட்டி கழுவி வைக்கச் சொல்லி."

"உங்க வூட்டுல எதுக்குக் கழுவணும்? நெலம் யாரு பேருல இருக்குது?"

"பேரு உங்க பேருதான் மாமா. மான் சோளத்துல வுழுந்துச்சா, பத்தரத்துல வுழுந்துச்சா?"

இந்த ஒரு கேள்விக்கு நான் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று பதில் கிடைக்காததால் சத்தம் போட்டேன். அவனும் போட்டான். என் நெலம், என் பயிரு, என் நெலம், என் பயிரு என்று இருவரும் மாறி மாறிக் கத்தியதில் சோளத்திலிருந்த கிளியெல்லாம் பறந்தது. சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் யாரோ ஒரு நல்லவர் வனத்துறைக்குச் சொல்லிவிட்டார். ஒரு பைக்கில் இரண்டு வனக்காவலர்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த காவலர் மானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "யாரு நெலம் இது?" என்று கேட்டார்.

தம்பி, அவ்வளவு அமைதியை நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை.

"நான் டவுன்ல செராமிக்ல வேல பாக்கறன் சார்" என்றேன் நான். "இந்தப் பக்கம் வர்றதே கெடையாது. நெலம் முழுக்க இவரு கையிலதான் இருக்குது."

"நான் சும்மா கூலிக்காரன் மாதிரி சார்" என்றான் உன் மாமன். "எல்லாம் இவரு பேருலதான். சிட்டா எடுத்துப் பாருங்க, எம் பேரு எங்கியாவது இருக்குதான்னு."

"ரோட்டுல வரும்போதே கேட்டுது, என் நெலம் என் நெலம்னு ரெண்டு பேரு கத்தினது" என்றார் காவலர். "அதுக்குள்ள யாருதுமே இல்லாம பூடுச்சா?" பிறகு என்னைப் பார்த்து, "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"குத்தகைக்காரர் சார்."

கொளஞ்சியிடம் திரும்பினார். "இவரு?"

"நெலத்துக்காரர் சார்."

பின்னால் நின்ற சின்னதுரைக்குப் பொறுக்கவில்லை. "சார், ரெண்டு பேரும் மாமன் மச்சான் சார். இவரு அவரோட அக்காவத்தான் கட்டியிருக்காரு" என்றான். காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, நிலம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் நிலைமையை யோசித்துப் பார். கொளஞ்சியின் அனுபவத்தில் என்று எழுதினால், வாய்ப்பேச்சாக இருந்த குத்தகை என் கையெழுத்திலேயே எழுத்தாகிவிடும், நிலம் போய்விடும். என் அனுபவத்தில் என்று எழுதினால் மான் என் தலையில் விழும். எதுவும் எழுதாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில், "நெலம் என்னுது, பயிரு அவருது, மான் ரெண்டு பேருதும் இல்ல சார்" என்றேன். "மான் யாருதுன்னு நான் கேக்கவே இல்லியே. மான் கெவர்மெண்டுது" என்றார் அவர். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, நாய் கடித்த காயத்தால் செத்தது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காட்டுக்குக் கொண்டுபோக வண்டி வராததால் அங்கேயே புதைக்கச் சொன்னார்கள். "நெலத்துக்காரரும் குத்தகைக்காரரும் சேந்து குழி வெட்டுங்க" என்று காவலர் சிரிக்காமல் சொன்னார். வெட்டினோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான்கு தொடையும் சேர்ந்து குழிக்குள் போயிற்று. அடுத்த சாகுபடிப் பட்டத்தில் அந்த இடத்தில் மட்டும் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. அதையும் அவனே அறுத்தான். ஆகக் கூடி, மான் தொடை அவனுக்குத்தான் போனது, சோளமாகப் போனது.

அந்தக் கோபத்தில் நான் ஒன்று செய்தேன். பேட்டையில் அப்போது ஷோகேஸில் வைக்கிற மான் பொம்மை செய்துகொண்டிருந்தோம். மான் கால் மெல்லியது. சூளையிலிருந்து எடுக்கும்போது பத்தில் ஒன்றாவது ஒடியும். ஒடிந்த ஒரு பின்னங்காலைச் செய்தித்தாளில் மடித்து, பொங்கலுக்குத் தாய்வீடு போன உன் அம்மாவிடம், "உன் தம்பிகிட்ட குடு, நிலத்துக்குத் தொடைன்னு சொல்லு" என்று அனுப்பினேன். அவளும் ஏதோ இனாம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டாள். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டானாம். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை. குத்தகைச் சோளம் மட்டும் ஆள் மூலமாக ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தான், அதுவும் என்னை எரிச்சல்படுத்தத்தான். அந்தக் காலில்லாத மான் எங்கே என்று உனக்கே தெரியும். உன் மேஜையில், அகராதியின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறதே, அதுதான். நீ அதன் முதுகில் கைக்கடிகாரத்தை மாட்டி வைப்பாய். உன் அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள். போன வருஷம் மணவாளநல்லூர்க் கோயிலுக்குப் போய்க் கொளஞ்சியப்பர் சாமியிடம் எங்கள் இரண்டு பேர் மீதும் புகார் மனுவாகப் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். தம்பி மேல் பிராது கட்டும்போது, சாமிக்கும் அவனுக்கும் ஒரே பெயராக இருப்பதால் குழப்பம் வராதா என்று கேட்டேன். "சாமிக்குத் தெரியும், யாரு வீம்பு புடிச்சவன்னு" என்றாள்.

இப்போது உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். நான் போகாமல் இருப்பதில் உள்ள நியாயம்

உன் அம்மா தாம்பாளத்தோடு வந்து நிற்கிறாள். "எழுதனது போதும், எழுந்திரிங்க. ராகு காலம் வந்துடும்" என்கிறாள். அந்த வரியை முடிக்கக்கூட விடவில்லை. போகிறேன். உனக்காகப் போகிறேன். அவனுக்காக இல்லை.

போய்விட்டு வந்துவிட்டேன். சாயங்காலமாகிவிட்டது, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். கருவேப்பிலங்குறிச்சி சாலையில் திரும்பி நம் கொல்லையைத் தாண்டும்போது, பட்டப்பகலில் இரண்டு மான்கள் சோளத்துக்குள் நின்று தின்றுகொண்டிருந்தன. என்னைப் பார்த்தும் அசையவில்லை. உன் அம்மா பின்னால் உட்கார்ந்து, "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்றாள். மானையா வண்டியையா என்று தெரியவில்லை. நான் வண்டியைத்தான் ஓட்டினேன். கொளஞ்சி வாசலில் நின்றிருந்தான். தலை நரைத்துவிட்டது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பிறகு வண்டிக் கண்ணாடியில் என் தலையைப் பார்த்ததும் அது போய்விட்டது. வாங்க என்றான். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், ஆனால் என் வாயில் முதலில் வந்தது, "உன் சோளத்துல மான் மேயுது" என்பதுதான்.

"உங்க நெலத்துலதான மாமா மேயுது. நீங்களே ஓட்டியிருக்கலாமே" என்றான்.

உன் அத்தை உள்ளேயிருந்து, "அண்ணே, ரெண்டு பேரும் வாசல்லயே ஆரம்பிக்காதீங்க. சோறு ஆறுது" என்று சத்தம் போட்டாள். கோழி அடித்திருந்தாள். இந்தப் பெண்ணின் புத்திசாலித்தனத்தை நீ கல்யாணம் செய்துகொள்ளும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. எந்தத் துண்டு தொடை, எந்தத் துண்டு நெஞ்சு என்று யாருக்கும் அடையாளம் தெரியாதபடி மொத்தத்தையும் பொடிப்பொடியாகக் கொத்தி வைத்திருந்தாள். எலும்பைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றோம். சாப்பிட்டு முடிந்ததும் உன் அம்மாவும் நானும் எழுந்து நின்று தாம்பாளத்தை நீட்டினோம். அவன் வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பத்திரிகையை மட்டும் எடுத்துப் பிரித்து, மூக்குக்கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "எம் பேர என்னன்னு போட்டிருக்கீங்க? தாய்மாமன்னா, குத்தகைக்காரர்னா?" என்று கேட்டான்.

சிரிப்பதற்காகத்தான் கேட்டான் என்று நினைத்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு வந்த ஃபாரஸ்ட்டு கார்டு யாருன்னே தெரியாத ஆளு மாமா. அவருகிட்ட என் மச்சான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, மானையே முழுசா தூக்கி உங்க வண்டியில வச்சி, கேஸையும் நான் வாங்கிட்டிருப்பேன்" என்றான். "நீயும்தான என்ன நெலத்துக்காரர்னு சொன்ன" என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். அவள் மிதித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. "தாய்மாமன்னுதான் போட்டிருக்குது. மேல இருந்து ரெண்டாவது வரி" என்று மட்டும் சொன்னேன்.

அவன் படித்துப் பார்த்தான். பிறகு உள்ளே போய், டிவி மேலிருந்து எதையோ எடுத்து வந்து தாம்பாளத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தான். அந்தப் பீங்கான் கால். தூசிகூட இல்லை, துடைத்து வைத்திருக்கிறான். "இத்தன வருசமா கால மட்டும் வச்சிக்கினு இருக்கறேன். வர்றவங்க எல்லாம் இது என்னா என்னான்னு கேக்கறாங்க, பதில் சொல்ல முடியல. மீதி மான் எங்க மாமா?" என்றான். "என் பையன் மேசையில இருக்குது" என்றேன். "அப்ப குடுத்து வுடுங்க. தாய்மாமன் சீர்த் தட்டுல வச்சி எடுத்துக்கினு வர்றேன். கால் இல்லாத மான சீர்ல வைக்கக் கூடாது, ஒட்டித்தான் வைக்கணும்" என்றான். அதற்குப் பிறகுதான் தாம்பாளத்தைக் கையில் வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் அதன் முதுகிலிருந்த உன் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மானை எடுத்தேன். ஒட்டுவதை அவனிடம் விட எனக்கு மனசில்லாமல், அந்தக் காலையும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பீங்கான் ஒட்டுவது என் தொழில்; சோளம் போடுகிறவனுக்கு என்ன தெரியும்? நானே ஒட்டினேன். இத்தனை வருஷம் உன் ஜன்னல் வெயிலில் இருந்ததில் மானின் வண்ணம் மங்கிவிட்டது. அவன் வீட்டிலிருந்த கால் மட்டும் புதிதாகப் பளபளக்கிறது. மேடையில் சீர்த் தட்டைப் பார்க்கிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நீ ஒன்றும் சொல்லாதே, சிரித்துக்கொண்டு நில்.

ஓசூரில் நீயும் அந்தப் பெண்ணும் வாடகை வீட்டில் குடித்தனம் தொடங்கப்போகிறீர்கள். எனக்கு உபதேசம் செய்யத் தெரியாது. செய்தவர்களை எனக்குப் பிடித்ததும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் இருவருக்கு நடுவில் ஏதாவது வந்து விழுந்தால், இது என் பக்கம், அது உன் பக்கம் என்று உரக்கப் பேசிக்கொள்ளாதீர்கள். சத்தம் சாலைவரைக்கும் கேட்கும். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, உங்கள் கையிலேயே மண்வெட்டியைக் கொடுத்துப் புதைக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவள் யார் என்று யாராவது கேட்டால் முதலில் உறவைச் சொல். மற்றதையெல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மாமா வருகிறான். மாலை போடுவான். நீ மணவறையில் உட்காரலாம். பிராதை வாபஸ் வாங்கக் கோயிலில் 'ராஜினாமா' என்று ஒன்று எழுதித் தரவேண்டுமாம். உன் அம்மா நாளைக் காலையில் மணவாளநல்லூருக்குப் போகிறாள். என்னையும் வரச் சொல்கிறாள். பசை காய்ந்துவிட்டது. சாய்த்து வைக்காமலே மான் மேஜையில் தானாக நிற்கிறது. போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நீ உன் மாமனிடம் சொல்லலாம்.

மான் புதைத்த குழியில் வளர்ந்த அந்தச் சோளத்தை மட்டும் விடவில்லை.

உன் அப்பா